சாம்ராஜநகருக்கு அப்பால்

தேவராஜ மொஹல்லாவில் குடியிருக்கும் நம் தமிழ் இல்லங்களுக்குப் புகைவண்டி நிலையம் அதிகத் தொலைவில் இல்லை. கையில் ஒரு பையும் இடுப்பில் ஒரு குழந்தையுமாக நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம். விடியற்காலையில், தேவராஜ மார்க்கெட்டில் பூக்கடைக்காரர்கள் மூட்டை பிரிக்கும் வேளையில், வண்டியின் ஊதல் அடுக்களை வரை கேட்கும். புகை போய் மின்சாரம் வந்துவிட்டது. ஆயினும் நாம் அதனைப் புகைவண்டி என்றே அழைத்து வருகிறோம். பழகிய நாக்கு எளிதில் மாறுவதில்லை.

அந்த நிலையத்திலிருந்து தெற்கு நோக்கி ஓர் இருப்புப் பாதை செல்லுகிறது. அசோகபுரம், கடகொளா, நஞ்சன்கூடு, பதனவாளு, கவலந்தே என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு 61 கிலோமீட்டர் ஓடிச் சாம்ராஜநகரில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் மலைத் தொடர். மலையைக் கடந்தால் பண்ணாரி, சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம், மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர். நம்மில் பலருடைய தாய்வீடும் மாமன் வீடும் குலதெய்வத்தின் கோயிலும் அங்கேதான் இருக்கின்றன. வண்டி மட்டும் அங்கே போவதில்லை. சாம்ராஜநகர் வரை வந்து, வந்த வழியே திரும்பி விடுகிறது.

மைசூரிலிருந்து கோயம்புத்தூருக்குச் சாலை வழியே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். புகைவண்டியில் போவதென்றாலோ வடகிழக்கே பெங்களூருக்குச் சென்று, அங்கிருந்து சேலம், ஈரோடு என்று சுற்றிக்கொண்டு 500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். மூக்கைச் சுற்றி வளைத்துத் தொடுவது என்பார்களே, அதனை இரயில்வே அட்டவணையில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். சாம்ராஜநகரத்தாருடைய நிலை இன்னும் வேடிக்கையானது. அவ்வூரிலிருந்து திருப்பதிக்குப் புறப்படும் விரைவு வண்டி முதலில் மைசூருக்கு வந்து, பின்பு பெங்களூர் சென்று, அதன் பிறகே கிழக்கே திரும்புகிறது. தமிழ்நாட்டின் எல்லை அவர்களுக்குக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வண்டியோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு புறப்படுகிறது.

ஆகவேதான் சாம்ராஜநகருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே ஒரு புதிய பாதை வேண்டும் என்ற பேச்சு நம் வீடுகளில் ஓய்வதே இல்லை. கலியாண வீட்டுப் பந்தியிலும், சங்கத்துப் பொங்கல் விழாவிலும், இரண்டு கோயம்புத்தூர்க்காரர்கள் சேர்ந்தால் மூன்றாவது பேச்சு அதுவாகத்தான் இருக்கும். இதனைக் குறித்து நம் கருத்து என்ன என்று அன்பர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். சொல்லுகிறோம். சிலருக்கு அது உவப்பாக இராது என்பதையும் அறிவோம்.

முதலில் பழைய கதை கொஞ்சம். பெங்களூரிலிருந்து மைசூருக்கு மீட்டர் பாதை வந்தது 1880-களின் தொடக்கத்தில். 1876 முதல் 1878 வரை இந்தப் பக்கத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, பசித்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அந்தப் பாதையின் மண்வேலை நடந்தது. 1891-இல் பாதை நஞ்சன்கூட்டை எட்டியது. கபிலை ஆற்றின்மேல் 1735-இல் தளவாய் தேவராஜய்யா கட்டிய செங்கற்பாலம் ஒன்று அங்கே இருந்தது. மாட்டு வண்டிக்கென்று கட்டிய பாலத்தின்மேல் புகைவண்டியையும் ஓட்டினார்கள். அகலப் பாதைக்குப் புதுப் பாலம் கட்டும் வரையில் அந்தக் கிழப் பாலம் இரண்டையும் சுமந்தது. இன்றும் பக்கத்திலேயே நிற்கிறது. 1920-களில் பாதை சாம்ராஜநகர் வரை நீண்டது. நஞ்சன்கூட்டிலிருந்து மலையிறங்கி ஈரோட்டை அடைய வேண்டும் என்ற எண்ணம் பழைய மைசூர் அரசின் காலத்திலேயே இருந்ததுதான். எண்ணம் ஏட்டோடு நின்றது.

மீண்டும் அதற்கு உயிர் வந்தது 1996-97-இல். அப்பொழுது கர்நாடகத்தவரான தேவ கௌடா நாட்டின் பிரதமராயிருந்தார். பெங்களூரையடுத்த ஹெஜ்ஜாலாவிலிருந்து கனகபுரம், மளவள்ளி, கொள்ளேகால் வழியாகச் சாம்ராஜநகர், அங்கிருந்து சத்தியமங்கலம் என்று ஒரு புதிய பாதை இரயில்வேத் திட்டங்களில் இடம் பெற்றது. இதில் ஹெஜ்ஜாலா முதல் சாம்ராஜநகர் வரையுள்ள பகுதி 142 கிலோமீட்டர். கால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும் அதில் ஒரு தண்டவாளம் போடப்படவில்லை. அப்பாலுள்ள மலைப் பகுதியிலோ, காட்டுக்குள் அளவெடுக்கவே அனுமதி கிடைக்கவில்லை. அந்த ஆண்டில் பிறந்த நம் பிள்ளைகளுக்குக் கலியாணம் ஆகி, அவர்கள் தம் குழந்தைகளுக்கு ஊர் காட்டப் பெங்களூர் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பாதையால் வரும் நன்மை கற்பனையன்று. அதனை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. மலையின் இரு பக்கமும் ஒன்றையொன்று நம்பி வாழ்ந்தவை. கொள்ளேகால் தாலுக்கா 1956 நவம்பர் முதல் நாள் வரையில் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது மைசூருக்கு வந்தது. அந்தப் பக்கத்துத் தாளவாடியோ தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே வீட்டுக்கு வீடு கன்னடம் பேசுவார்கள். கன்னட மக்கள் உள்ளத்தில் இடம் பெற்ற நடிகர் ராஜ்குமார் பிறந்த காஜனூர் அந்தத் தாளவாடிப் பக்கத்து ஊர்தான். எல்லைக் கோட்டைப் போட்டவர்களுக்கு இந்தக் கொள்வினை கொடுப்பினை எல்லாம் தெரிந்திருக்குமோ, என்னவோ.

வாணிகத்தைப் பாருங்கள். சாம்ராஜநகர், குண்டலுபேட்டைப் பக்கத்து விவசாயிகள் தங்கள் மஞ்சளை ஈரோட்டுச் சந்தைக்குக் கொண்டு போவது நெடுநாளைய வழக்கம். கொள்ளேகால் பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். மலைக்குக் கீழே மேட்டுப்பாளையத்தையடுத்த சிறுமுகை பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்றது. இரண்டுக்கும் இடையே ஒரு மலைதான். சத்தியமங்கலத்து மல்லிகை பறித்த சில மணி நேரத்துக்குள் விற்றாக வேண்டிய சரக்கு. தாளவாடி முட்டைக்கோசும் அப்படியே. சாம்ராஜநகரத்துக் கருங்கல்லோ பாரமான பொருள். மலைச் சாலையில் அதனை ஏற்றி இறக்குவது லாரிக்கும் கேடு, சாலைக்கும் கேடு. ஒரு சரக்கு வண்டி இரண்டாயிரம் டன்னுக்கு மேல் சுமக்க வல்லது. நூறு லாரிகளின் சுமையை ஒரே மூச்சில் இழுத்துவிடும். டீசல் விலை ஏறுந்தோறும் இந்தக் கணக்கு நம் மளிகைக் கடைக்காரர்களின் தராசில் வந்து நிற்கிறது. கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் ஆகிய ஊர்களுக்கு இருப்புப் பாதையே கிடையாது என்பதையும் மறக்கலாகாது. பவானிசாகர் அணை 1955-இல் கட்டி முடிந்து, கீழ்பவானி வாய்க்கால் பாய்ந்து, நெல்லும் கரும்பும் வாழையும் விளையும் பூமி அது. விளைந்ததை ஏற்ற வண்டி வரவில்லை.

இவை எல்லாவற்றையும்விட நம் குடும்பங்களுக்கு நெருக்கமான ஒரு நஷ்டம் உண்டு. ஊருக்குப் போவது ஒரு முழு நாள் வேலை என்றாகிவிட்டால் போவது குறைகிறது. பாட்டி வீட்டுக்கு ஆண்டுக்கு நான்கு முறை போன குழந்தைகள் ஒரு முறை போகிறார்கள். பிறகு சீருக்கும் சாவுக்கும் மட்டும். அதற்குப் பிறகு தொலைபேசியில் முகம் பார்ப்பதோடு சரி.

சாவு என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. நம் அன்பர் ஒருவர். மொஹல்லாவில் கடை வைத்திருப்பவர். ஓரிரவு ஏழரை மணிக்குக் கோபிப் பக்கத்திலிருந்து தம்பி பேசினார். “அம்மாவுக்கு மூச்சு இழுக்குதுங்கண்ணா, உங்க பேரைச் சொல்லியே கூப்பிடுது” என்றார். கடையைச் சாத்திவிட்டு, மனைவியை அழைத்துக்கொண்டு, காரில் ஏறிவிட்டார். அவசரத்தில் மறந்துபோன ஒன்று சாம்ராஜநகர் தாண்டிய பிறகு நினைவுக்கு வந்தது. திம்பம் மலைப்பாதையில் இரவில் வண்டி விடுவதில்லை. கனரக வண்டிகளுக்கு மாலை ஆறு மணி முதலும், கார் முதலிய சிறு வண்டிகளுக்கு இரவு ஒன்பது மணி முதலும், காலை ஆறு மணி வரையில் தடை. 2019-இல் மாவட்ட ஆட்சியர் பிறப்பித்த உத்தரவு அது. சென்னை உயர்நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்ன பிறகு 2022 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அன்பர் சோதனைச் சாவடியை அடைந்தபோது ஒன்பதரை. திரும்பிப் பெங்களூர் வழியாகப் போனால் விடிந்துவிடும். மேற்கே பந்திப்பூர் வழியும் 2009 முதல் இரவில் அடைப்பு. காவலர்கள் இரங்கினார்கள், ஆனால் கம்பைத் தூக்கவில்லை. உத்தரவு அவர்கள் கையில் இல்லை.

இரவு முழுவதும் அங்கேயே இருந்தார்கள். வரிசையாக நின்ற லாரிகளின் ஓட்டுநர்கள் அடுப்பு மூட்டித் தேநீர் கொடுத்தார்களாம். நள்ளிரவுக்கு மேல் ஒரு யானைக் கூட்டம் சற்றுத் தொலைவில் சாலையைக் கடந்தது. குட்டி ஒன்று நடுச்சாலையில் நின்றுவிட, பின்னால் வந்த பெரியது துதிக்கையால் தள்ளிக்கொண்டு போனதாம். “பதினொன்று எண்ணினேன். எண்ணுவதைத் தவிர வேறென்ன செய்ய?” என்றார் அன்பர். நாலு மணிக்குத் தம்பி மீண்டும் பேசினார். அம்மையார் போய்விட்டிருந்தார்.

இந்த நிகழ்ச்சியைச் சங்கத்தில் சொல்லக் கேட்ட ஒருவர், “ஆகவேதான் இரயில் வேண்டும் என்கிறோம்” என்றார். நாம் உடனே ஆமோதிக்கவில்லை. அன்றிரவு சாலையை அடைத்திருந்தது எதற்காக என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? அந்தப் பதினொன்றுக்காகத்தான்.

சத்தியமங்கலம் காடு நாம் சிறுவர்களாயிருந்தபோது கேள்விப்பட்ட காடு அன்று. அப்பொழுது அதன் பெயரைச் சொன்னால் வீரப்பன் நினைவுதான் வரும். 2000 ஜூலையில் ராஜ்குமார் தம் சொந்த ஊரிலிருந்தே கடத்தப்பட்டு 108 நாள் கழித்து மீண்டபோது, மைசூரிலும் பெங்களூரிலும் தமிழ்க் குடும்பங்கள் எப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தன என்பதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2004 அக்டோபரில் வீரப்பன் கதை முடிந்தது. காட்டுக்கு ஒரு புதிய காலம் பிறந்தது. 2008-இல் வனவிலங்குச் சரணாலயம். 2013-இல் புலிகள் காப்பகம். பரப்பு 1,408 சதுர கிலோமீட்டர். 2010-க்குப் பின் புலிகளின் தொகையை இருமடங்காக்கியதற்காக 2022-இல் உலக அளவிலான டிஎக்ஸ்2 விருதும் இதற்குக் கிடைத்தது. மேற்கே பந்திப்பூரும் முதுமலையும், வடக்கே பிளிகிரிரங்கன் மலையும் இதனோடு தோளுரசி நிற்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோத்துக்கொள்ளும் இடம் இது. ஆசிய யானைகள் உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு பெருங்கூட்டமாக இல்லை என்று கணக்கெடுத்தவர்கள் சொல்லுகிறார்கள். அவை ஓரிடத்தில் நிலைத்திருப்பவை அல்ல; தண்ணீரும் தழையும் தேடி ஒரு மலையிலிருந்து மற்றொரு மலைக்குப் போய் வருபவை. போகும் வழியை மறித்தால் அவை இரயில்வேக்கு மனுக் கொடுத்துக் காத்திருக்கப் போவதில்லை.

காரப்பள்ளம் சோதனைச் சாவடியருகே கரும்பு லாரிகளை மறித்து யானைகள் கரும்பை உருவித் தின்பதை அன்பர்கள் பார்த்திருப்பார்கள். எல்லையில் சுங்கம் வசூலிக்கும் உத்தியோகத்தை அவை தாமே ஏற்றுக்கொண்டுவிட்டன! லாரி நிற்கும். யானை தின்று முடித்து வழிவிடும். ஆனால் இரயில் நிற்காது, நிற்க இயலாது. பாரமேற்றிய வண்டி வேகத்தில் வரும்போது தடையை அழுத்தினால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடித்தான் ஓயும். கோயம்புத்தூரையடுத்த மதுக்கரைப் பக்கத்தில் 2021 நவம்பர் 26-ஆம் நாள் இரவு, மங்களூரிலிருந்து சென்னை சென்ற விரைவு வண்டி மோதி மூன்று யானைகள் மாண்டன. அதன் பிறகு அங்கே பாதைக்கடியில் யானைகள் போகச் சுரங்க வழிகள் அமைத்தார்கள். 2024 பிப்ரவரியில், கோபுரங்களில் கேமராக்களைப் பொருத்தி, யானை வருவதைச் செயற்கை நுண்ணறிவால் கண்டுபிடித்து ஓட்டுநருக்கு எச்சரிக்கை தரும் ஏற்பாட்டையும் தமிழ்நாட்டு வனத்துறை தொடங்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அது ஏற்கெனவே போட்டுவிட்ட பாதைக்குச் செய்யும் வைத்தியம். புதிதாக ஒரு நோயை வரவழைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பதா என்பது வேறு கேள்வி.

பொறியியல் பார்வையிலும் காரியம் எளிதன்று. சாம்ராஜநகருக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே உயர வேறுபாடு 400 மீட்டருக்கு மேல். நேராக இறங்கிவிடவும் இயலாது; இடையில் மலை ஏறித்தான் இறங்க வேண்டும். சாலைக்குத் திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள் போதுமாயிருந்தன. இருப்புப் பாதை அப்படி வளையாது. நூறு மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறங்கலாம் என்பது சமவெளிப் பாதைக்குச் சௌகரியமான சரிவு. அந்தக் கணக்கில் 400 மீட்டர் இறங்க 40 கிலோமீட்டர் வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்று செங்குத்தாக்கினாலும் 20 கிலோமீட்டர். அத்தனையும் காட்டுக்குள், மலையை வெட்டியும் குடைந்தும் போக வேண்டியது. நம் மாநிலத்திலேயே சகலேசபுரத்திலிருந்து சுப்பிரமணியா வரை அத்தகைய பாதை இருக்கிறது. ஏறத்தாழ 55 கிலோமீட்டரில் 57 குகைகள். சரிவு ஐம்பதுக்கு ஒன்று. வண்டி ஊர்ந்துதான் செல்லும். 1979-இல் திறந்த அந்தப் பாதையை அகலமாக்குவதற்காக 1996-இல் மூடினார்கள். பயணிகள் வண்டி மீண்டும் ஓடியது 2007 டிசம்பரில். 2024 ஜூலையில் மண் சரிந்து பல நாள் வண்டிகள் நின்றன. மங்களூர்த் துறைமுகம் கீழே இருப்பதால் அந்தப் பாதைக்குச் சரக்கு உண்டு, செலவு தாங்குகிறது. மஞ்சளும் மல்லிகையும் அப்படித் தாங்குமா என்று இரயில்வேயார் கேட்டால் நம்மிடம் விடையில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் பற்சக்கர வண்டி ஏறுகிறதே என்பார் சிலர். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் சென்ற அந்தச் சிறு வண்டி வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு ஏற்றது. மைசூர் விரைவு வண்டி அதில் ஏறாது.

இனி அங்கே வாழும் மனிதர்கள். நகரத்தில் இருந்துகொண்டு காட்டைப் பற்றிப் பேசும்போது இவர்களை மறந்துவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. காட்டை காக்க வேண்டும் என்போரும் மறக்கிறார்கள். இரயில் வேண்டும் என்போரும் மறக்கிறார்கள். சோளகரும் ஊராளிகளும் தலைமுறை தலைமுறையாக அந்த மலைகளில் இருப்பவர்கள். பிளிகிரிரங்கன் மலையில் 2011-இல் சோளகர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அத்தகைய உரிமை பெற அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. புலிகள் காப்பகம் என்றபோதும், இரவுத் தடை என்றபோதும், தாளவாடி மலை மக்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். விளைந்த காய்கறியை இரவில் அனுப்பினால்தான் காலைச் சந்தைக்குப் போகும். பிரசவ வேதனை மணி பார்த்து வருவதில்லை. அவர்களுக்கு இரயில் வந்தால் நன்மையா? ஆசனூரில் ஒரு நிலையம் வைத்து வண்டியை நிறுத்தினால் நன்மைதான். ஆனால் நிலையம் வைத்தால் கடை வரும், விடுதி வரும், மனை விற்பவர் வருவார். மலையில் யாருக்குப் பட்டா இருக்கிறது, யாருக்கு இல்லை என்று அப்போது பார்ப்பார்கள். பட்டா இல்லாதவர் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

சமவெளியிலும் கவலை உண்டு. கீழ்பவானிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவரிடம் அதன் நடுவே பாதை போகும் என்று சொல்லிப் பாருங்கள். 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டப்படி கிராமங்களில் சந்தை மதிப்புக்கு மேல் பல மடங்கு இழப்பீடு கிடைக்கும். ஆயினும் வாய்க்கால் மடையைப் பணம் கொடுத்து வேறு எங்கே வாங்குவது? நம்முடைய உறவினரே அங்கே நிலம் வைத்திருக்கிறார்கள். பெங்களூர் சுற்றாமல் நாம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும் அவர்களே. இரண்டு ஆசையும் ஒரே வீட்டில் இருக்கும்.

நம் கருத்தை இனிச் சொல்லிவிடலாம். சாம்ராஜநகர் முதல் சத்தியமங்கலம் வரை காட்டைப் பிளந்து பாதை போடுக என்று கேட்கும் மனுவில் கையொப்பமிட நமக்கு மனம் வரவில்லை. புலிகள் காப்பகத்துக்குள் எந்த வேலைக்கும் தேசிய அளவிலான வனவிலங்கு வாரியமும் புலிகள் ஆணையமும் இசைய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2013-க்குப் பின் அந்தக் கதவுக்கு இரட்டைப் பூட்டு. ஆனால் சட்டம் தடுக்கிறது என்பதற்காக மட்டும் நாம் தயங்கவில்லை. நமக்கு அரை நாள் மிச்சமாவதற்காக அந்த வழியைக் கெடுப்பது நியாயமாகப் படவில்லை. தாயாரின் முகத்தைப் பார்க்க முடியாமற்போன அன்பரிடம் இதனைச் சொல்லுவது கடினம்தான். சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மூடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவனுக்கும் சாவுக்குப் போகிறவனுக்கும் மட்டுமாவது ஒரு வனக்காவலரைக் கூட அனுப்பி விடக்கூடாதா?” என்று கேட்டார். இரயிலைப் பற்றிய எந்த மனுவிலும் இல்லாத இந்தக் கேள்வி நம்மைத் தைத்தது.

கேட்கத் தக்கவை வேறு இருக்கின்றன. ஹெஜ்ஜாலாவிலிருந்து கொள்ளேகால் வழியாகச் சாம்ராஜநகர் வரும் 142 கிலோமீட்டர் பாதைக்குத் திம்பம் காட்டைத் தொட வேண்டிய அவசியமில்லை. அது வந்தால் கொள்ளேகால் பட்டுக்கு ஒரு வாசல் திறக்கும். மலைக்குக் கீழே ஈரோட்டிலிருந்து கோபி வழியாகச் சத்தியமங்கலம், அங்கிருந்து புளியம்பட்டியைத் தொட்டு மேட்டுப்பாளையம் என்று, கூடியவரை நஞ்சையையும் காட்டோரத்தையும் விலக்கி, சமவெளியிலேயே ஒரு பாதை போடலாம். இரண்டும் முடிந்தால் நடுவே எஞ்சுவது ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சாலை. பகலில் இரண்டரை மணி நேரப் பயணம். சாம்ராஜநகர் வண்டி வந்து நிற்கும் நேரத்துக்கு ஒரு பஸ் காத்திருந்து, சத்தியமங்கலம் வண்டி புறப்படுமுன் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். இரண்டு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து நேரம் குறித்தால் போதும். மலையைக் குடைய வேண்டியதில்லை. இதற்கு யானைகள் சம்மதம் தந்துவிட்டன என்றே கொள்ளலாம், பகலில் அவை நிழல் தேடி உள்ளே போய்விடுவதால்.

அதுவரை பெங்களூர் வழியே போகும் வண்டிகளேனும் நம் சௌகரியத்தைக் கருத வேண்டும். தூத்துக்குடி வண்டியும் கும்பகோணம் வழியே போகும் வண்டியும் நம்மவரை ஊர் சேர்ப்பவை. கொச்சுவேலி வண்டி கோயம்புத்தூரைத் தொட்டுச் செல்கிறது. விடுமுறை நாட்களில் இவற்றில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. 2022 நவம்பரில் மைசூர்–சென்னை வந்தே பாரத் வண்டி வந்தது. தென்னாட்டுக்கே அதுதான் முதலாவது. சென்னைக்குப் போகிறவர்களுக்கு நல்ல காலம். கொங்கு நாட்டுக்கு விடியற்காலையில் புறப்பட்டு மாலைக்குள் சேரும் ஒரு பகல் வண்டியை, சுற்று வழியே ஆனாலும், கேட்பதில் தவறில்லை.

நம் சங்கத்தில் இப்பொழுது இரண்டு மனுக்கள் எழுதப்பட்டுக் கிடக்கின்றன. ஒன்று காட்டு வழிப் பாதையைக் கேட்பது. அதில் கையொப்பங்கள் அதிகம். மற்றொன்று மேலே சொன்னவற்றைக் கேட்பது; அதில் குறைவு. இரண்டையும் படித்துப் பார்த்து, எதில் மனம் ஒப்புகிறதோ அதில் கையெழுத்திடும்படி அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இரண்டாம் மனுவின் கடைசியில், சோதனைச் சாவடியில் இரவில் வரும் நோயாளிகளையும் துக்கத்துக்குப் போகிறவர்களையும் காவலோடு அனுப்ப வேண்டும் என்ற வாசகத்தைச் சேர்த்திருக்கிறோம். அதனை எழுதித் தந்தவர் கடைக்கார அன்பரே. முதல் மனுவிலும் அவருடைய கையொப்பம் இருக்கிறது.